ரெண்டு மில்லிமீட்டர் குழாயின் கதை

டிஸ்கியை முதலிலேயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். படிச்சது இன்ஜினியரிங். அதனால் இதை மருத்துவ ஆலோசனையாக யாரும் எடுத்துக்க வேண்டாம். இது ஒரு சரித்திரக் கதை, அவ்வளவுதான். கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

போன வருஷம் கூட வேலை பார்க்கும் நண்பனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மூணு கிலோ, நல்ல அழுகை. ஆனா உதடும் நகமும் நீலமாவே இருந்துச்சு. ஆக்ஸிஜன் வச்சும் மாறலை. அன்னிக்கு ராத்திரியே எக்கோ எடுத்தாங்க. மறுநாள் காலையில் ரிப்போர்ட்டை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். "நீதான் எதையாவது தேடிப் படிச்சுக்கிட்டே இருப்பியே, இதுல என்னடா போட்டிருக்கு?"

பக்கம் முழுக்க பயமுறுத்துற சங்கதிகள். கடைசியில் ஒரு வரி: கரோனரி அமைப்பு வழக்கமானது. அதுவரை முகத்தை இறுக்கமா வச்சிருந்த டாக்டர் இந்த வரியைக் காட்டி, "இது நல்ல செய்தி"ன்னு சொன்னாராம். இதயத்தின் ரெண்டு பெரிய குழாயும் இடம் மாறிக் கிடக்கு, இதில் நல்ல செய்தி எங்கேயிருந்து வந்துச்சுன்னு நண்பனுக்குப் புரியலை. எனக்கும்தான். அன்னிக்கு ராத்திரி படிக்க ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல அடிப்படை. இதயத்தின் வலது பக்கம் உடம்பிலிருந்து வரும் அழுக்கு ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்பும். இடது பக்கம் நுரையீரலிலிருந்து வரும் நல்ல ரத்தத்தை வாங்கி பெருந்தமனி வழியாக உடம்புக்கு அனுப்பும். சில குழந்தைகளுக்குக் கருவிலேயே இந்த ரெண்டு வெளியேறும் குழாயும் இடம் மாறிடும். வலது பக்கத்திலிருந்து பெருந்தமனி, இடது பக்கத்திலிருந்து நுரையீரல் தமனி. விளைவு? உடம்பின் ரத்தம் உடம்புக்கே திரும்பும், நுரையீரலின் ரத்தம் நுரையீரலுக்கே திரும்பும். நம்ம பாஷையில் சொன்னா ஒன்றையொன்று சந்திக்காத ரெண்டு இன்ஃபினிட் லூப். கருவில் இருக்கும்போது ஆக்ஸிஜன் தாயிடமிருந்து வருவதால் பிரச்சினை இல்லை. பிறந்த பிறகு, கருவில் பயன்பட்ட ஓரிரு ஓட்டைகள் மூடாமல் இருக்கும் வரைதான் ரெண்டு ரத்தமும் கொஞ்சமாவது கலக்கும். அவை சில நாளில் மூட ஆரம்பிக்கும். சிகிச்சை இல்லைன்னா பத்தில் ஒன்பது குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்காது.

லண்டனில் மேத்யூ பெய்லி என்ற மருத்துவர் 1797-லேயே இதை எழுதி வச்சுட்டார். அதற்கப்புறம் நூற்றைம்பது வருஷம் இது பிரேதப் பரிசோதனை மேஜையில் மட்டுமே தெரிஞ்ச வியாதி.

இன்ஜினியர் புத்திக்கு உடனே தோணுவது என்ன? கேபிளை மாத்திச் சொருகிட்டாங்க, கழட்டிச் சரியாச் சொருகு. ரெண்டு குழாயையும் வெட்டு, இடம் மாத்து, தை. 1950-களில் அறுவை நிபுணர்களுக்கும் அதேதான் தோணுச்சு. அங்கேதான் கரோனரி குறுக்கே வந்து நின்னுது.

இதயத்துக்குள்ள எப்பவும் ரத்தம் நிறைஞ்சிருக்கு. ஆனா அந்தத் தசை அதை நேரடியாக் குடிச்சுக்க முடியாது. நடுக்கடலில் கப்பலில் இருக்கிறவனுக்குக் குடிதண்ணீர் தனியா வேணும்ல, அது மாதிரி. பெருந்தமனி இதயத்தை விட்டுக் கிளம்பினதுமே, வால்வுக்குக் கொஞ்சம் மேலே, அதிலிருந்து பிரியும் முதல் கிளைகள்தான் கரோனரி தமனிகள். பெரியவங்களுக்கு அடைப்பு வந்து பைபாஸ் பண்றாங்களே, அதே குழாய்கள்தான். பச்சைக் குழந்தைக்கு மொத்த இதயமே ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. கரோனரியின் அகலம் ஒண்ணு, ரெண்டு மில்லிமீட்டர்.

இப்போ பெரிய குழாய் ரெண்டையும் கரோனரிக்கு மேலே வெட்டி இடம் மாத்தினா, கரோனரி பழைய அடிக்கட்டையிலேயே நின்னுடும். அந்த அடிக்கட்டை இனிமேல் நுரையீரலுக்குப் போகும் குழாய். அதில் அழுக்கு ரத்தம், அழுத்தமும் குறைவு. உடம்பு முழுக்க நல்ல ரத்தம் போகும், அதை அனுப்புற இதயம் மட்டும் பட்டினி. ஆக, கரோனரிகளையும் பேர்த்து எடுத்து புது இடத்தில் வைக்கணும்.

கனடாவில் டொரான்டோவின் வில்லியம் மஸ்டர்ட் இதை முயற்சி செஞ்சு 1954-ல் எழுதினார். அப்போ நல்ல இதய-நுரையீரல் இயந்திரம் கிடையாது. குரங்கின் நுரையீரலை வெளியே வச்சு, அதன் வழியா குழந்தையின் ரத்தத்தை ஓட்டினார். இடது கரோனரியை மட்டும் மாத்தி வச்சார். ஏழு குழந்தைகள். ஏழும் இறந்து போச்சு.

வேற சிலரும் முயன்று தோத்தாங்க. அப்புறம் எல்லாரும் அந்த வழியை விட்டுட்டு சுத்துவழியில் போனாங்க. வெளியே போற குழாயை மாத்த முடியலையா? உள்ளே வர்ற ரத்தத்தைத் திருப்பி விடு. மேலறைகளுக்கு நடுவில் தடுப்பு வச்சு, உடம்பிலிருந்து வருவதை இடப் பக்கமும் நுரையீரலிலிருந்து வருவதை வலப் பக்கமும் போக வச்சுட்டா ரெண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி ஆகிடும். ஸ்வீடனில் ஓக்கே சென்னிங் 1958-ல் இதைச் செஞ்சு காட்டினார். 1963-ல் இன்னும் எளிமையா இன்னொரு முறையைச் செஞ்சவர் யார்னு நினைக்கிறீங்க? அதே மஸ்டர்ட். கடுகு சிறுத்தாலும் காரம் குறையலை. 1966-ல் ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் ராஷ்கிண்ட், மார்பைத் திறக்காமலேயே ஒரு பலூனை ரத்தக் குழாய் வழியா அனுப்பி மேலறைச் சுவரில் ஓட்டை போடும் வழியைக் கண்டுபிடிச்சார். ஆபரேஷன் வரை குழந்தை தாக்குப் பிடிக்க அது போதும்.

இந்தச் சுத்துவழியில் நீலக் குழந்தைகள் ரோஜா நிறத்துக்கு வந்தாங்க. ஸ்கூலுக்குப் போனாங்க. கரோனரியைத் தொடவே வேண்டாம். ஆனா ஒர்க்அரவுண்டு போட்டு ப்ரொடக்ஷனில் விட்ட கோடு என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? நுரையீரல் வரைக்கும் மட்டும் பம்ப் செய்யப் படைக்கப்பட்ட வலது கீழறை, இப்போ ஆயுசு முழுக்க மொத்த உடம்புக்கும் உழைக்கணும். அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவங்களானப்போ பலருக்கு இதயத்துடிப்பு தாளம் தப்பிச்சு. பலருக்கு வலது கீழறை களைச்சுப் போச்சு.

இதற்கு நடுவில் வேறொரு பக்கம் ஒரு காரியம் நடந்தது. 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் அர்ஜென்டினாக்காரர் ரெனே ஃபவலோரோ கால் நரம்பை எடுத்து கரோனரி பைபாஸ் செய்ய ஆரம்பிச்சார். மெல்லிசான கரோனரியைத் தைக்க முடியும்னு உலகம் முழுக்க கைகள் பழகிச்சு. அப்படிப் பழகின ஒரு கை பிரேசிலின் சாவ் பாவ்லோவில் இருந்தது. அடிப் ஜடேனே. லெபனானிலிருந்து குடியேறின குடும்பம், பிறந்தது அமேசான் காட்டோரத்து அக்ரி மாநிலத்தில். பின்னாளில் பிரேசிலின் சுகாதார அமைச்சராகவும் இருந்தார். 2014-ல் காலமானார்.

ஜடேனேயின் யோசனை ஒரு தையல்காரருக்குச் சட்டுனு புரியும். சட்டையிலிருந்து பட்டனை மாத்தணும்னா நூலை மட்டும் வெட்டாதே, பட்டன் தைச்சிருக்கிற துணியையும் வட்டமா வெட்டி எடு. கரோனரியைத் தனியா அறுத்தா ரெண்டு மில்லிமீட்டர் வாயைத் தைக்கணும். அதைச் சுத்தி இருக்கும் பெருந்தமனிச் சுவரோட சேர்த்து வெட்டினா தைக்க வாகான ஒரு ஓரம் கிடைக்கும். இன்னிக்கும் இதற்கு டாக்டர்கள் வச்சிருக்கும் பேர் கரோனரி பட்டன்தான். 1975-ல் ஜடேனேயின் கையில் இந்த ஆபரேஷன் செஞ்சு ஒரு குழந்தை பிழைச்சது. இருபது வருஷமா மூடிக் கிடந்த கதவு திறந்துச்சு.

உடனே எல்லாரும் மாறிடலை. இன்னொரு சிக்கல் இருந்தது. குழாய் மாறிக் கிடக்கும் குழந்தைக்கு இடது கீழறை நுரையீரலுக்குத்தான் பம்ப் பண்ணுது. பிறந்து சில வாரத்தில் நுரையீரலின் எதிர்ப்பு குறைஞ்சதும் வேலை குறைஞ்சு அந்தத் தசை மெலிஞ்சிடும். அப்புறம் திடீர்னு உடம்பு முழுக்க பம்ப் பண்ணுன்னா முடியாது. அதனால் முதலில் கீழறைகளுக்கு நடுவிலும் ஓட்டை இருந்த குழந்தைகளுக்குத்தான் இது ஒத்து வந்தது. அவங்களுக்கு இடது பக்க அழுத்தம் குறையாமல் இருந்தது. 1977-ல் இங்கிலாந்தில் மக்டி யாக்கூப் ரெண்டு கட்டமா செஞ்சு பார்த்தார். முதலில் நுரையீரல் தமனியில் ஒரு பட்டை கட்டி இடது கீழறைக்கு எக்ஸர்சைஸ், பிறகு ஆபரேஷன். 1983 வாக்கில் பாஸ்டனில் ஆல்டோ காஸ்டனேடா ஆட்கள் வேற மாதிரி யோசிச்சாங்க. தசை மெலியும் வரை ஏன் காத்திருக்கணும்? பிறந்த சில நாளிலேயே செஞ்சுடு.

பிறந்து ஒரு வாரம் ஆன குழந்தை. நெல்லிக்காய் இதயம். இங்கேதான் அந்தக் கடைசி வரி முக்கியமாகுது.

ஏன்னா கரோனரி எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி கிளம்புறது இல்லை. பிறவிக் குறையுள்ள இதயத்தில் இன்னும் அதிகமா மாறும். குழாய் இடம் மாறின குழந்தைகளில் ஏறக்குறைய மூணில் ரெண்டு பங்குக்கு ஒரு வழக்கமான அமைப்பு. மிச்சப் பேரில் பின்பக்கம் சுத்திப் போகும் கிளை இடதிலிருந்து வராமல் வலது கரோனரியிலிருந்து வரலாம். எல்லாமே ஒரே வாயிலிருந்து கிளம்பலாம். சிலருக்கு கரோனரி வெளியே வராமல் பெருந்தமனியின் சுவருக்குள்ளேயே கொஞ்ச தூரம் ஊர்ந்து போகும். சுவருக்குள் பதிச்ச ஒயர் தெரியாமல் ஆணி அடிக்கிறவன் கதைதான் அது. தெரியாமல் பட்டன் வெட்டினா உயிர்க்குழாயையே வெட்டின மாதிரி.

இடம் மாத்தும்போது குழாய் முறுக்கக் கூடாது, மடங்கக் கூடாது, இழுபடக் கூடாது. தோட்டத்துக்குத் தண்ணி விடற ஹோஸ் மடங்கினா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். இங்கே மடங்கினா இயந்திரத்தை நிறுத்தினதும் இதயம் கிளம்பாது.

ஆக, வரைபடம் வேணும். 1966-லேயே, அதாவது ஜடேனேக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே, ஷாஹர், புட்டூ என்ற ரெண்டு பேர் இந்த அமைப்புகளை வகை பிரிச்சு எழுதினாங்க. 1978-ல் யாக்கூபும் ரோஸ்மேரி ராட்லி-ஸ்மித்தும், எந்த அமைப்பை எப்படி மாத்துவதுன்னு சேர்த்தே எழுதினாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்காரர்கள் முறை. 1983-ல் அட்ரியானா கிட்டன்பெர்கர்-டி க்ரூட் என்ற உடற்கூறு நிபுணரும் சகாக்களும் எழுதினது.

அவங்க பிரச்சினை இதுதான். இந்த இதயங்களில் பெருந்தமனி சிலருக்கு முன்னாடி, சிலருக்கு பக்கவாட்டில். அதனால் வலது, இடதுன்னு சொன்னா ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும். அதற்கு அவங்க கண்ட வழி: நீங்க பெருந்தமனியின் அடியில், நுரையீரல் தமனிக்கு எதிர்ப்பக்கக் குழிவில் நிக்கிறதா கற்பனை பண்ணிக்கங்க. முகம் நுரையீரல் தமனியைப் பார்த்து இருக்கணும். உங்க வலது கைப் பக்கக் குழிவு 1, இடது கைப் பக்கக் குழிவு 2. எந்த கரோனரி எந்த நம்பரிலிருந்து வருதுன்னு எழுது. முடிஞ்சுது. இதயம் எப்படித் திரும்பியிருந்தாலும் விடை மாறாது. அப்சல்யூட் பாத்தைத் தூக்கிப் போட்டுட்டு ரிலேட்டிவ் பாத் வச்ச மாதிரி. படிச்சப்போ நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டணும்னு இருந்துச்சு.

அப்படி நின்னு பார்த்தப்போ இயற்கை செஞ்ச ஒரு உபகாரமும் தெரிஞ்சது. கரோனரிகள் கிட்டத்தட்ட எப்பவும் நுரையீரல் தமனியைப் பார்த்திருக்கும் அந்த ரெண்டு குழிவிலிருந்துதான் கிளம்புது. போக வேண்டிய புது வீடு பக்கத்து வீடுதான். எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பியிருந்தா ஜடேனேயின் ஆபரேஷனே நடந்திருக்காது.

கைதட்டிட்டு உட்கார்ந்தப்போ ஒரு கேள்வி உறுத்துச்சு. இந்த வரைபடங்களை எதைப் பார்த்து வரைஞ்சாங்க? எக்கோவில் இதெல்லாம் தெளிவாத் தெரியாத காலம். ஜாடிகளில் பாதுகாத்து வச்சிருந்த இதயங்களைப் பார்த்து. பிழைக்காத குழந்தைகளின் இதயங்கள்.

வரைபடம் கிடைச்சதுக்கு அப்புறமும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை தங்கள் கணக்கை 2000-ல் வெளிப்படையா எழுதிச்சு. பழைய சுத்துவழி ஆபரேஷனில் அவங்க இறப்பு விகிதம் சுமார் 6 சதவீதம். புது முறைக்கு மாறினப்போ முதல் 70 குழந்தைகளில் சுமார் கால்வாசி இறந்து போச்சு. கை பழகின பிறகு அடுத்த 100-ல் ஐந்து. நீண்ட காலத்துக்குப் புது முறைதான் நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த முதல் எழுபதில் ஒண்ணு என் குழந்தையா இருந்தா? நான் எதுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்? யோசிச்சுப் பார்த்தேன், பதில் வரலை.

அதே மருத்துவமனையின் மார்க் டி லெவால் பற்றிச் சொல்லணும். பச்சைக் குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷனைச் செஞ்சதில் முதல் ஐம்பது சொச்சம் பேரில் ஒரே ஒரு மரணம். அப்புறம் திடீர்னு வரிசையா மரணங்கள். கெட்ட நேரம்னு விட்டிருக்கலாம். கேஸ் கஷ்டம்னு சொல்லியிருக்கலாம். அவர் தன் கையையே சந்தேகப்பட்டார். நல்ல ரிசல்ட் உள்ள இன்னொரு சகாவிடம் போய் மறுபடி கத்துக்கிட்டார். மரணங்கள் குறைஞ்சது. அதோட நிற்காமல் 104 ஆபரேஷன் கணக்கையும் 1994-ல் பத்திரிகையில் போட்டார். தொழிற்சாலையில் சரக்கின் தரம் நழுவுதான்னு பார்க்கிற கூட்டுத்தொகை வரைபடத்தைத் தன் மரணங்களின் மேல் போட்டு, 'இதை அப்பப்போ பார்த்திருந்தா முன்னாடியே எச்சரிக்கை கிடைச்சிருக்கும்'னு காட்டினார். நாம ஒரு பக் நம்மளுதுன்னு மெயிலில் ஒத்துக்கவே எத்தனை மீட்டிங் போடுறோம்!

அதே நாடு, அதே ஆபரேஷன், அதே காலம். பிரிஸ்டல் நகரத்து மருத்துவமனையில் குழந்தைகள் இதய ஆபரேஷன் மரணங்கள் அதிகமா இருந்தது. 1988-ல் அங்கே சேர்ந்த மயக்க மருந்து நிபுணர் ஸ்டீஃபன் போல்சின் கணக்கு எடுத்தார், சொல்லிப் பார்த்தார். கேட்க ஆள் இல்லை. 1995 ஜனவரியில், எதிர்ப்பையும் மீறி ஒன்றரை வயசுக் குழந்தைக்கு இதே ஆபரேஷன் நடந்தது. குழந்தை இறந்தது. அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. இயன் கென்னடி தலைமையிலான விசாரணை 2001-ல் கொடுத்த அறிக்கைப்படி, 1991 முதல் 1995 வரை ஒரு வயசுக்குக் கீழே எதிர்பார்க்கக் கூடியதை விட 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலா இறந்திருந்தாங்க. சொன்ன மனுஷன் அதற்குள் ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டார்.

அந்த விசாரணையில்தான் 1999-ல் ஜாடி விஷயமும் வெளிச்சத்துக்கு வந்தது. பிரிட்டனில் பல மருத்துவமனைகள் இறந்த குழந்தைகளின் இதயங்களைப் பெற்றோருக்குத் தெரியாமலேயே எடுத்து வச்சிருந்தது. முழு உடம்பையும் புதைச்சதா நம்பின அம்மா அப்பாக்களுக்கு வருஷங்கள் கழிச்சு அந்தச் செய்தி போச்சு. ஒப்புதல் இல்லாமல் எடுக்கக் கூடாதுன்னு 2004-ல் சட்டம் வந்தது. கேட்டிருந்தா பல பேர் கொடுத்திருப்பாங்கன்னுதான் நான் நினைக்கிறேன். கேட்கலை, அதுதான் குற்றம்.

இன்னிக்கு நல்ல மையங்களில் இந்த ஆபரேஷன் செய்யும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைக்குது. வளர்ந்த பிறகும் கரோனரி சரியா இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். மத்தபடி இடது கீழறை இடது கீழறையின் வேலையைச் செய்யுது.

நண்பன் குழந்தைக்கு ஒன்பதாம் நாள் ஆபரேஷன். முந்தின நாள் சாயங்காலம் சர்ஜன் ஒரு துண்டுக் காகிதத்தில் ரெண்டு வட்டம் வரைஞ்சு, ஒரு வட்டத்தில் 1, 2ன்னு போட்டு, அங்கேயிருந்து கோடு இழுத்து நண்பனுக்கு விளக்கினாராம். காகிதத்தை அவன் சட்டைப் பையிலேயே வச்சிருந்தான். வராந்தாவில் என்கிட்ட நீட்டினப்போ எனக்குப் பார்த்ததுமே புரிஞ்சது. லைடன்.

பையனுக்குப் போன மாசம் முதல் பிறந்தநாள். நெஞ்சு நடுவில் ஒரு கோடு இருக்கு, மத்தபடி வீட்டில் ஒரு ரிமோட்டையும் விட்டு வைக்கிறதில்லை. கேக் வெட்டி முடிஞ்சப்போ நண்பன் கேட்டான், "அந்தக் கடைசி வரிக்கு என்ன அர்த்தம்னு அன்னிக்குக் கேட்டேனே, நீ சொல்லவே இல்லையேடா?"

கொஞ்சம் பெரிய கதைடா, எழுதித் தர்றேன்னு சொன்னேன். எழுதிட்டேன்.